முடிவெட்டும் மொட்டையும்: கில்கெனாமிக்ஸ் என்ற பொருளாதாரக் காமெடி விழா

2010 நவம்பர் இரண்டாம் வாரம். அயர்லாந்தில் டிவியைப் போட்டால் ஓர் அமைச்சர் வந்து, கடனில் மூழ்கும் நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியம், அதாவது ஐஎம்எஃப், வருகிறது என்பதெல்லாம் வெறும் புரளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு சேனலில் இன்னொரு அமைச்சர், அதே மறுப்பு. அதே வாரக் கடைசியில் தலைநகர் டப்ளினிலிருந்து தென்மேற்கே 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே உள்ள கில்கென்னி என்ற சின்ன ஊரில், பொருளாதார நிபுணர்களையும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, நாடு திவாலாகிறதா இல்லையா என்று டிக்கெட் போட்டுப் பேசினார்கள். விழாவின் பெயர் கில்கெனாமிக்ஸ். ஊர் பெயரையும் எகனாமிக்ஸையும் ஒட்டவைத்த பெயர்.

விழா முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். நவம்பர் 18-ம் தேதி காலை மத்திய வங்கி ஆளுநர் பாட்ரிக் ஹொனஹன் ரேடியோ நிகழ்ச்சிக்கு போன் போட்டு, பல்லாயிரம் கோடி யூரோ கடன் வரப்போகிறது என்று நாட்டு மக்களுக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றே ஐஎம்எஃப் அதிகாரி அஜய் சோப்ரா டப்ளின் தெருவில், கையேந்தி உட்கார்ந்திருந்த ஒருவரைக் கடந்து நடந்துபோகும் படம் உலகமெல்லாம் அச்சானது. 1991-ல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய கதை தெரிந்த நமக்கு ஐஎம்எஃப் ஒன்றும் புது விருந்தாளி இல்லை. ஐரிஷ்காரர்களுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. பத்து நாளில் 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் முடிவானது. அதில் 17.5 பில்லியன் அயர்லாந்தின் சொந்தக் காசு, பெரும்பகுதி ஓய்வூதியத்துக்காகச் சேர்த்து வைத்த நிதியிலிருந்து எடுத்தது. மீட்கப்பட்டவரே மீட்புக்குப் பணம் போட்ட கணக்கு. இதற்குத் தனியாக ஜோக் எழுத வேண்டுமா என்ன?

இந்த விழாவை ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பொருளாதாரத்தை எளிமையாகச் சொல்கிறோம் என்று கிளம்பும் முயற்சிகள் ஏராளம். பெரும்பாலானவை கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை தடவும் வேலைதான். கில்கென்னியில் நடந்தது வேறு. காமெடியனை அங்கே சர்க்கரையாக வைக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாக உட்காரவைத்தார்கள்.

அந்த விசாரணை ஏன் தேவைப்பட்டது என்று புரிய நாலு வருடம் பின்னால் போக வேண்டும். 2006 முடியும் தறுவாயில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் மார்கன் கெல்லி, வீட்டு விலை 40 முதல் 60 சதவீதம் வரை விழலாம் என்று பத்திரிகையில் எழுதினார். ஊர் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். யார் கேட்பார்கள்? 2007 ஜூலையில் பிரதமர் பெர்டி அஹெர்ன், இப்படி ஓரமாக நின்று புலம்புகிறவர்கள் ஏன்தான் தற்கொலை செய்துகொள்ளாமல் இருக்கிறார்களோ என்று ஒரு கூட்டத்தில் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். அது அன்றைய காற்று. சந்தேகப்பட்டவன் கோமாளி, கேள்வி கேட்டவன் முட்டாள். பிறகு விலை பாதிக்கு மேல் விழுந்தது. 2010 இலையுதிர் காலத்தில் அரசு எடுத்த கணக்கெடுப்பில் கட்டி முடிக்காமலும் ஆள் வராமலும் கிடந்த குடியிருப்புகள் 2,800-க்கும் மேல். பேய்க் குடியிருப்புகள் என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது.

நெருக்கடியின் தொடக்கத்திலேயே நிதிச் சந்தையில் ஒரு ஜோக் சுற்றியது. ஐஸ்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் என்ன வித்தியாசம்? ஓர் எழுத்து, ஆறு மாதம். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நடுவில் ஓர் எழுத்துதான் மாறும். ஐஸ்லாந்து 2008 அக்டோபரில் கவிழ்ந்தது. அயர்லாந்து ஐஎம்எஃப் வாசலுக்குப் போனது 2010 நவம்பரில். ஆறு மாதம் என்ற கணக்கு பிசகியது, போகும் திசை பிசகவில்லை. அமைச்சரகத்தின் முன்கணிப்புகளோடு ஒப்பிட்டால் இந்த ஜோக் எவ்வளவோ தேவலை.

விழாவைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டேவிட் மெக்வில்லியம்ஸ். அயர்லாந்து மத்திய வங்கியிலும் அப்புறம் முதலீட்டு வங்கிகளிலும் வேலை பார்த்துவிட்டு எழுத்துக்கும் டிவிக்கும் வந்தவர். ஊதிப் பெருத்த வீட்டு விலை ஒருநாள் குமிழி மாதிரி வெடிக்கும் என்று முன்பே சத்தம் போட்டவர்களில் ஒருவர். பொருளாதாரத்தை மேடையில் தனியாளாக நின்று நடித்துக் காட்டியும் இருக்கிறார். இன்னொருவர் ரிச்சர்ட் குக், கில்கென்னியில் 1995-லிருந்து நடக்கும் ‘கேட் லாஃப்ஸ்’ காமெடி விழாவின் பின்னால் இருந்தவர். ஆகவே ஊருக்கு மேடை புதிதில்லை. எந்த பப்பின் பின்னறையில் எத்தனை நாற்காலி போடலாம், எந்த ஹோட்டல் ஹாலில் மைக் இரையும் என்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே கைப்பழக்கம். புதிய விழா ஒன்று முதல் வருடத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில்தான். கில்கெனாமிக்ஸுக்கு அந்தத் தலைவலி குறைவு.

கில்கென்னியில் சுமார் 27 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். நோர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, குறுகலான இடைக்காலத் தெருக்கள், எங்கும் நடந்தே போய்விடலாம். மேடையில் பேசிய நிபுணரை அரை மணி நேரம் கழித்து பப்பில் பக்கத்து ஸ்டூலில் பார்க்கலாம். உலகத் தலைவர்களும் பெருமுதலாளிகளும் வருடா வருடம் கூடிப் பொருளாதாரம் பேசும் சுவிஸ் ஊரான டாவோஸில் இது நடக்குமா? கில்கெனாமிக்ஸுக்கு ‘ஜோக்கோடு ஒரு டாவோஸ்’ என்று பட்டப்பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. டாவோஸில் கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் கழுத்தில் ஒரே அட்டை தொங்கும். இங்கே கேட்பவன் கையில் வீட்டுக்கடன் பாஸ்புக்.

இந்த ஊரைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் நகர முடியவில்லை. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆலிஸ் கைட்லர் என்று ஒரு பணக்காரப் பெண்மணி இருந்தார். வட்டித் தொழில், நான்கு கல்யாணம், ஊரில் பாதிப் பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1324-ல் ஆயர் ரிச்சர்ட் டி லெட்ரீட் அவர் மேல் சூனியக்காரி என்று வழக்குப் போட்டார். செல்வாக்கு இருந்தது, ஆலிஸ் தப்பிப் போனார். அவர் வீட்டு வேலைக்காரி பெட்ரோனிலாவைச் சவுக்கால் அடித்து, அந்த வருடம் நவம்பர் 3-ம் தேதி உயிரோடு எரித்தார்கள். ஆலிஸின் பெயரில் கைட்லர்ஸ் இன் என்ற விடுதி இன்றும் அதே ஊரில் பீர் ஊற்றுகிறது. கடன் கொடுத்தவர் தப்பிக்க, வேலைக்காரி எரிந்த ஊர் அது. அங்கே, அதுவும் நவம்பர் மாதத்தில், வங்கி மீட்பைப் பற்றி விழா எடுக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்த பொருத்தமாக இருக்காது. ஆனாலும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

சரி, மேடையில் என்னதான் நடக்கிறது? ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நிபுணர்கள், கூட ஒன்றிரண்டு காமெடியன்கள். பல நேரம் நெறியாளர் நாற்காலியே காமெடியனுக்குத்தான். கொலம் ஓரிகன் போன்றவர்கள் வருடா வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்லைடு போட்டு வகுப்பெடுக்கும் இடம் இல்லை அது. நம்மூர்ப் பட்டிமன்றத்தை நினைத்தால் பாதி பிடிபடும். நடுவர் நகைச்சுவையாகப் பேசுவார், கூட்டம் சிரிக்கும். ஆனால் பட்டிமன்றத்தில் கடைசியில் தீர்ப்பு வரும், இரு தரப்பும் மனம் நோகாத மாதிரி. இங்கே தீர்ப்பு கிடையாது. நடுவரின் வேலையே ஒரு வார்த்தையைப் பிடித்து நிறுத்துவது.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இது என் கற்பனைதான், வேலை நடக்கும் விதத்தைக் காட்ட.

“வங்கிக்கு மறுமூலதனம் அளிக்க வேண்டியிருந்தது.”

“மறுமூலதனம்னா?”

“வங்கிக்கு வந்த இழப்பை ஈடுகட்ட அரசு பணம் போடுவது.”

“அரசுன்னா யாருங்க?”

“அது... வரி கட்டுபவர்கள்.”

“அப்போ நான் போட்ட பணத்தை வங்கி தொலைச்சுது. தொலைஞ்ச பணத்தை நானே மறுபடி போடணும். அப்புறம் அதே பணத்தை வங்கி எனக்கு வட்டிக்குத் தரும்?”

“கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொன்னால், ஆமாம்.”

கூட்டம் சிரிக்கும் இடம் காமெடியனின் கடைசிக் கேள்வி அல்ல. நிபுணரின் ‘ஆமாம்’தான். அந்த ஒப்புதலை ஒரு பத்திரிகைப் பேட்டியில் வாங்கவே முடியாது. பேட்டி எடுப்பவருக்கும் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் கட்டாயம் உண்டு. ‘எனக்குப் புரியல’ என்று ஒருவர் சத்தமாகச் சொல்லி, அதனால் மானம் போகாமல் கைத்தட்டலும் வாங்கலாம் என்றால் அது காமெடியன் ஒருவருக்குத்தான். குமிழி ஊதிய காலத்தில் அயர்லாந்தில் இல்லாமல் போனது அந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் எண்ணம். புரியாதவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள், புரிந்த சிலர் சொன்னால் புலம்பல்காரன் ஆனார்கள்.

வார்த்தைகளுக்குள் ஒளிந்திருக்கும் பணத்தை வெளியே எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. கடன் கொடுத்தவர்கள் முழுத் தொகையையும் கேட்காமல் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சந்தை மொழியில் அதற்கு ‘ஹேர்கட்’, முடிவெட்டு, என்று பெயர். கேட்க என்ன அழகு, ஏதோ சலூனுக்குப் போய் வந்தது போல. அயர்லாந்தில் நடந்தது என்னவென்றால், வங்கிகளின் முதல்நிலைக் கடன்பத்திரங்களை (வரிசையில் முன்னால் நின்று பணம் திரும்பப் பெறும் வகை) வாங்கியிருந்தவர்களுக்கு முடி ஒரு மயிரளவும் வெட்டப்படவில்லை. அவர்களுக்கு முழுத்தொகை போய்ச் சேர்ந்தது. வெட்டக் கூடாது என்று ஐரோப்பிய மத்திய வங்கி நெருக்கியது. தமிழில் இதற்கு இன்னும் நல்ல வார்த்தை நம்மிடம் இருக்கிறது. அவர்களுக்கு முடிவெட்டு இல்லை, ஜனங்களுக்கு மொட்டை.

எவ்வளவு மொட்டை? வங்கிகளுக்குள் அரசு போட்டது மொத்தம் 64 பில்லியன் யூரோ. ஆங்கிலோ ஐரிஷ் என்ற ஒரே வங்கிக்கு மட்டும் சுமார் 29 பில்லியன். அன்றைய மக்கள்தொகை 46 லட்சம். வகுத்துப் பாருங்கள், கைக்குழந்தை உட்படத் தலைக்கு ஏறக்குறைய 14,000 யூரோ வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 56,000. பிற்பாடு அதில் கொஞ்சம் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் 2010-ல் அது யாருக்கும் தெரியாது. அந்த வருட அரசுப் பற்றாக்குறை ஜிடிபியில் சுமார் 32 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்போ 3. ‘64 பில்லியன்’ என்று கேட்கும்போது யாருக்கும் வயிறு கலங்காது. ‘உங்க வீட்டுக்கு 56,000’ என்றால் கலங்கும். காமெடியனுக்கு இந்த வகுத்தல் தொழில் ரீதியாகவே தெரியும், ஏனென்றால் பொதுப்படையான ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். தொகை, தெருப்பெயர், தவணைத் தேதி என்று இறங்கினால்தான் சிரிப்பு வரும்.

முதல் விழா நடந்த அதே வாரம், 8-ம் தேதி திங்கட்கிழமை, மார்கன் கெல்லி மறுபடி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். வங்கி மீட்பு ஒருபுறம் இருக்கட்டும், அடுத்து வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாதவர்கள் வரிசையாக வருவார்கள் என்பது அதன் சாரம். நாடே அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வாரக் கடைசிக்குள் நுழைந்தது. அரங்கில் உட்கார்ந்தவர்கள் ஜாலியாகப் பொழுதுபோக்க வந்தவர்கள் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

இந்தக் கதையில் ஒரு நெருடல் உண்டு. அதை மறைத்து எழுதினால் ஆய்வு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். 2008 செப்டம்பரில் ஓர் இரவு நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் மெக்வில்லியம்ஸின் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் உட்கார்ந்து, தூக்கம் வராமலிருக்கப் பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டே, வங்கிகளை என்ன செய்வது என்று கேட்டார். மெக்வில்லியம்ஸே இதைப் பிறகு எழுதினார். வங்கிகளின் டெபாசிட்டுக்கும் கடனுக்கும் அரசு உத்தரவாதம் தரலாம் என்பது அப்போது அவர் கருத்து. அந்த மாதக் கடைசியில் அரசு உத்தரவாதம் கொடுத்தது. நாட்டின் ஓராண்டு ஜிடிபியைப் போல சுமார் இரண்டு மடங்குத் தொகைக்கு. நாட்டைக் கடன் குழிக்குள் இழுத்த கயிறு அதுதான் என்று பின்னாளில் பலரும் திட்டினார்கள். தற்காலிகமாக இருந்திருக்க வேண்டியதை நிரந்தரம் போல நடத்தினார்கள், நான் சொன்னது அது இல்லை என்பது அவர் வாதம்.

அவர் சொன்னது சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. விழாவுக்கு அதனால் என்ன ஆனது என்பதுதான் இங்கே பொருள். அமைச்சருக்கு ஆலோசனை சொன்னவரே இரண்டு வருடம் கழித்து அந்த முடிவின் விளைவைக் கேலி செய்யும் மேடையைக் கட்டுகிறார் என்றால், கேலி அவர் பக்கமும் திரும்ப வேண்டும். காமெடியன் பக்கத்தில் இருப்பதன் இன்னொரு பயன் இதுதான். மேடை போட்டவரையும் அவன் விட்டுவைக்க மாட்டான், விட்டுவைத்தால் கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

சிரிப்பு எப்போதும் நல்லவர் பக்கம்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2013 ஜூனில் ஆங்கிலோ ஐரிஷ் வங்கி அதிகாரிகளின் 2008-ம் வருட போன் உரையாடல்கள் பத்திரிகையில் வெளிவந்தன. மத்திய வங்கியிடம் கேட்ட 7 பில்லியன் என்ற தொகை எப்படி வந்தது என்று பேச்சு வருகிறது. கணக்குப் போட்டு எடுத்த தொகை இல்லை, வாய்க்கு வந்தது என்கிறார் ஒருவர், இதைவிடக் கொச்சையாக. இருவரும் சிரிக்கிறார்கள். ஜெர்மனியின் பழைய தேசிய கீத வரியைக் கேலியாகப் பாடுவதும் பதிவாகியிருக்கிறது. கேட்டால் அருமையான டைமிங். யாருடைய பணத்தில் என்பதுதான் விஷயம். மூடிய அறையில் அதிகாரி அடிக்கும் ஜோக்கும், திறந்த மேடையில் காமெடியன் அடிக்கும் ஜோக்கும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒன்று உண்மையை மறைக்கப் பயன்பட்டது, இன்னொன்று அதையே போட்டு உடைக்க.

அமெரிக்காவில் இதற்கு வேறு மாதிரி ஒரு முயற்சி உண்டு. யோராம் பாமன் என்ற பொருளாதார முனைவர் தானே ஸ்டாண்ட்-அப் செய்வார். பொருளாதாரப் பாடப்புத்தகத்தின் அடிப்படை விதிகளை ‘மொழிபெயர்த்து’க் கேலி செய்த அவரது துண்டு பிரபலம். நானும் ரசித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஜோக்குக்குச் சிரிக்க அந்தப் பாடத்தை முதலில் படித்திருக்க வேண்டும். அது உறவுக்காரர்கள் கூடிய கல்யாண வீட்டில் மாமனைக் கிண்டல் செய்வது போல, வெளியாளுக்கு உள்ளே நுழைய வழியில்லை. 2016-ல் அவர் முன்னின்று வாஷிங்டன் மாநிலத்தில் கார்பன் வரிக்கு வாக்கெடுப்பு கொண்டுவந்தார். பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். தோல்விக்கு ஆயிரம் காரணம், காமெடியின் மேல் பழி போட முடியாது. இருந்தாலும் ஒன்று தெரிகிறது: நிபுணரே ஜோக்கும் சொன்னால் கேள்வி கேட்கும் நாற்காலி காலியாகிவிடுகிறது. கில்கென்னியில் இரண்டு நாற்காலி.

நெருக்கடி தீர்ந்தால் விழா படுத்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். 2013 டிசம்பரில் அயர்லாந்து மீட்புத் திட்டத்திலிருந்து வெளியேறியது. விழா படுக்கவில்லை. நாசிம் தாலெப், ஜெஃப்ரி சாக்ஸ், யானிஸ் வரூஃபாகிஸ், மார்ட்டின் வூல்ஃப் என்று பெரிய பெயர்கள் வெவ்வேறு வருடங்களில் வந்து போனார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. நட்சத்திரங்கள் வந்தால் கூட்டம் அவர்களை வியக்க ஆரம்பிக்கும், விசாரணை மெல்லப் பாராட்டு விழாவாகும். தவிர, டிக்கெட் வாங்கி வார இறுதியில் பொருளாதாரம் கேட்க வருபவர் பெரும்பாலும் பேப்பர் படிக்கிறவர். பேய்க் குடியிருப்பில் மாட்டிக்கொண்டு தவணை கட்டுகிறவருக்கு கில்கென்னி ஹோட்டல் வாடகை எட்டுமா? இந்தக் கேள்விக்கு விழாவிடம் நல்ல பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் சரக்குக்கு மட்டும் அந்த நாட்டில் பஞ்சமே வராது. 2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி 26.3 சதவீதம் வளர்ந்ததாகப் புள்ளிவிவர அலுவலகம் 2016 ஜூலையில் அறிவித்தது. ஒரு வருடத்தில் கால்வாசி நாடு புதிதாக முளைத்த மாதிரி. தொழிற்சாலை எதுவும் முளைக்கவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் மற்ற சொத்துகளையும் அயர்லாந்துக் கணக்குப் புத்தகத்துக்கு மாற்றி எழுதியதில் வந்த வீக்கம் அது. பால் க்ரூக்மன் அதை ‘லெப்ரகான் பொருளாதாரம்’ என்றார். லெப்ரகான் என்பது ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் தங்கப் பானை வைத்திருக்கும் குட்டிச்சாத்தான். அடுத்த வருடம் அதே அலுவலகம், இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கத் தனியாக ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒரு நாடு தன் ஜிடிபியைத் தானே நம்பாமல் இன்னொரு தராசு வாங்கிய கதை. ஒரு பொருளாதார நிபுணர் அடித்த கேலி, அரசு அளவுகோலை மாற்ற ஒரு தள்ளு கொடுத்தது என்று சொன்னால் ரொம்ப மிகை இல்லை.

ஆப்பிள் விவகாரம் இதற்கும் மேலே. அந்த நிறுவனத்திடமிருந்து அயர்லாந்து 13 பில்லியன் யூரோ பழைய வரியை வசூலிக்க வேண்டும் என்று 2016 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. அயர்லாந்து அரசு உடனே கோர்ட்டுக்குப் போனது, பணம் வேண்டாம் என்று. ஆறு வருடம் முன்பு கடனுக்குக் கையேந்தி நின்ற அதே நாடு. முதலீடு ஓடிவிடும் என்ற பயம் அதற்குள் இருந்தது, அது வெறும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நிறுவன வரியில் பாதிக்கு மேல் பத்தே பத்து நிறுவனங்களிடமிருந்து வரும் நாட்டுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். எட்டு வருடம் வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அயர்லாந்து தோற்றது, ஆகவே பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதத்தில் நவம்பர் வந்தது, கில்கென்னியில் வழக்கம்போல மேடை போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் பொதுத் தேர்தல் வேறு. வேண்டாம் என்று வழக்காடிய பணத்தை எதில் செலவழிப்பது என்று கட்சிகள் ஆளுக்கொரு பட்டியலோடு நின்றன. காமெடியன்களுக்கு அந்த வருடம் சொந்தமாக எழுத அதிகம் மிச்சமிருந்திருக்காது.